கால் எடுக்கச் சம்மதிக்காத பாட்டி: போர்ட்லேண்ட், ஜனவரி 1964

ரத்தக்குழாய் அடைப்புக்குக் கத்தி வைக்காமல், தொடை இடுக்கில் ஒரு ஊசித் துளை போட்டு, அது வழியாகவே உள்ளே போய்ச் சரிசெய்கிற சிகிச்சை இன்று பெரிய விஷயமே இல்லை. பலூன் வைத்தார்கள், ஸ்டென்ட் (வழியைத் திறந்து பிடிக்கிற சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள், மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. இதற்கெல்லாம் மூத்த கேஸ் ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் அதற்கு இரண்டு வரிதான் கிடைக்கும்: முதல் ஆஞ்சியோபிளாஸ்டி, சார்லஸ் டாட்டர், 1964. அதோடு அடுத்த பத்திக்குத் தாவிவிடுவார்கள். அந்த இரண்டு வரியை ஒரு முழு கேஸாக உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு தைரியசாலி டாக்டரின் கதையாகவே இதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்த நோயாளியும் அந்த அடைப்பும் அமைந்த விதம்தான் இதில் பாதிக்கு மேல் வேலை செய்திருக்கிறது.

நோயாளி

82 வயதுப் பெண்மணி. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லேண்ட் நகரம், அங்கே ஒரிகன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. இடது பாதத்தில் விடாத வலி, ஆறாத புண், விரல்களில் அழுகல் ஆரம்பித்துவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான், பாதத்துக்கு உயிரோடு இருக்கத் தேவையான ரத்தம்கூடப் போகவில்லை. நடந்தால் மட்டும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது வேறு, அது தசைக்குக் கூடுதல் ரத்தம் கேட்கும்போது வருகிற வலி, நின்றால் போய்விடும். இது சும்மா படுத்திருக்கும்போதே வலிப்பது. படுத்தால் இன்னும் மோசம், ஏனென்றால் காலைத் தொங்கப்போட்டால் புவியீர்ப்பு கொடுக்கிற கொஞ்சநஞ்ச உதவியும் படுத்தால் கிடைக்காது. இந்த மாதிரி நோயாளிகள் ராத்திரி முழுக்கக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே தூங்குவதை வார்டில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

டாக்டர்கள் சொன்னது, காலை எடுத்துவிடலாம். பாட்டி சொன்னது, முடியாது. என்ன சொல்லியும் அசையவில்லை.

கிழவியின் பிடிவாதம் என்று இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அன்றைக்கு அவருக்கு இருந்த வழிகளை வரிசையாகப் பார்த்தால் ஏன் என்று புரியும். காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து அடைப்பைச் சுற்றிப் பைபாஸ் போடுவது அப்போதே வந்துவிட்டது, பாரிஸில் ழான் குன்லின் 1948-லேயே செய்துவிட்டார். ஆனால் 82 வயதில், அந்தக் காலத்து மயக்க மருந்தில், அது லேசான காரியம் இல்லை. தாமஸ் ஃபோகார்ட்டியின் பலூன் கதீட்டர் (கதீட்டர் என்றால் ரத்தக்குழாய்க்குள் விடுகிற மெல்லிய குழாய்) 1963-ல்தான் பத்திரிகையில் வந்திருந்தது. ஆனால் அது வெளியே ரத்தக்குழாயைத் திறந்து, உள்ளே மாட்டியிருக்கும் ரத்தக்கட்டியை இழுத்து வெளியே எடுக்கிற கருவி, சுவரோடு சுவராக வளர்ந்துவிட்ட கொழுப்பு அடைப்புக்கு அது உதவாது. ஆக மிச்சம் இருந்தது ரம்பம் மட்டும்தான். அதற்கும் பாட்டி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். அறுவைச் சிகிச்சை நிபுணர் வில்லியம் கிரிப்பேன், வேறு போக்கில்லாமல், கேஸை ரேடியாலஜிக்கு, அதாவது எக்ஸ்-ரே படம் எடுக்கிற துறைக்கு, அனுப்புகிறார்.

எதிரில் இருந்த ஆள்

சார்லஸ் டாட்டர் 1920-ல் பாஸ்டனில் பிறந்தவர், 32 வயதிலேயே அந்தக் கல்லூரியின் ரேடியாலஜித் துறைத் தலைவர். மலை ஏறுவார், வேகமாகப் பேசுவார், கருவிகளைத் தானே செய்வார். கிடார் தந்தியும் காரின் ஸ்பீடோமீட்டர் கேபிளும் அவர் கையில் கைடு வயர், அதாவது கதீட்டருக்கு வழிகாட்ட முன்னால் விடுகிற கம்பி, ஆகியிருக்கின்றன. வில்லியம் குக் என்கிற இளைஞர் 1963-ல் சிகாகோ ரேடியாலஜி மாநாட்டில் சின்ன ஊதுவிளக்கு வைத்துக்கொண்டு டெஃப்லான் குழாயைச் சூடாக்கிக் கதீட்டர் செய்து காட்டிக்கொண்டிருந்தாராம், டாட்டர் அங்கேயே நின்று பார்த்துவிட்டு அந்த ஊதுவிளக்கை ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். குக்கின் கம்பெனி பின்னால் உலகம் முழுக்கக் கதீட்டர் விற்கிற கம்பெனி ஆனது.

சரி, கேஸுக்கு முக்கியமானது இதுவல்ல. 1963-ல் வேறொரு நோயாளிக்கு, சிறுநீரகத் தமனிச் சுருக்கத்துக்காக, வயிற்றுப் பெருந்தமனியைப் படம் எடுக்க டாட்டர் தொடை வழியாகக் கதீட்டரை மேலே ஏற்றுகிறார். போகும் வழியில் வலது இலியாக் தமனி (இடுப்பு வழியாகக் காலுக்கு ரத்தம் கொண்டுபோவது) முழுக்க அடைத்திருக்கிறது. கதீட்டர் அதற்குள்ளேயே புகுந்து மேலே போய்விட்டது. வெளியே எடுத்த பிறகு பார்த்தால், அடைத்திருந்த குழாயில் ரத்தம் ஓடுகிறது. தெரியாமல் நடந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சு விட்டுவிட்டு அறிக்கையை எழுதி முடித்திருப்பார்கள். இவர் இதை மண்டைக்குள் போட்டு உருட்ட ஆரம்பித்தார். அதே வருஷம் ஜூனில் செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரியில் நடந்த மாநாட்டில், கதீட்டர் என்பது சும்மா படம் பார்க்கிற கருவி இல்லை, கொஞ்சம் கற்பனை சேர்த்தால் அறுவைச் சிகிச்சைக் கருவியாகவே ஆகிவிடும் என்று பேசினார். அதாவது பாட்டி வந்து சேர்வதற்கு ஏழு மாதம் முன்பே ஆள் தயாராக உட்கார்ந்திருக்கிறார், கேஸ்தான் வரவில்லை.

ஆஞ்சியோகிராமில் தெரிந்தது

சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். தொடையின் மேலோட்டத் தமனி, முழங்காலுக்குப் பின்பக்கம் போவதற்காகத் தசை இடைவெளிக்குள் நுழைகிற இடத்தில், ஒரே ஒரு சுருக்கம். நீளம் குறைவு. உள்வழி நூல் மாதிரி மெலிந்திருந்தது, ஆனால் மூடவில்லை.

இந்த மூன்றையும் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஒரே இடம், குட்டை நீளம், முழுசாக மூடாத வழி. இன்றைக்கு இந்தத் துறையில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு முதல் கேஸாக என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். முழுக்க மூடிய அடைப்பென்றால் கம்பி சுவருக்குள் புகுந்து பொய்வழி போட்டுவிடும், நீளமான அடைப்பென்றால் திறந்தாலும் சில மாதத்தில் மறுபடி சுருங்கிவிடும். பாட்டிக்கு இரண்டும் இல்லை. தொடைத் தமனி எங்கே குறுகினாலும் குறுகலாம், ஆனால் இந்தத் தசை இடைவெளிப் பகுதி அதற்குப் பேர்போன இடம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. குழாயின் ஆரம் இரண்டு மடங்கானால் அதன் வழியே போகும் திரவம் இரண்டு மடங்கு இல்லை, பதினாறு மடங்கு. நான்காம் அடுக்கு விதி, பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ரத்தம் தண்ணீர் இல்லை, தமனி இரும்புக் குழாயும் இல்லை, அதனால் கணக்கு அப்படியே வராது என்றாலும் திசை அதுதான்: நூல் மாதிரி இருக்கும் வழியைக் கொஞ்சமே கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். தமனியைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. டாட்டரிடம் இருந்த கருவியால் பழைய அளவுக்குக் கொண்டுவரவும் முடியாது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஜனவரி 16

வியாழக்கிழமை. தொடை இடுக்கில் தமனியை ஊசியால் குத்தி, வழக்கமாக மேல்நோக்கிப் போவதற்குப் பதில் கீழ்நோக்கி, பாதத்தின் பக்கமாகக் கம்பியை விட்டார்கள். ஊசி, கம்பி, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பி மேல் குழாய் என்கிற இந்த முறை ஸ்வீடனின் செல்டிங்கர் 1953-ல் கொடுத்தது. எக்ஸ்-ரே திரையில் பார்த்துக்கொண்டே கம்பி அந்த நூல் வழியைத் தாண்டியது. கம்பி தாண்டிய பிறகு அதன் மேலேயே நுனி கூர்த்த டெஃப்லான் கதீட்டர் ஒன்றை நுழைத்து அடைப்பைத் துளைத்துப் போனார்கள். பிறகு அந்தக் கதீட்டரையே தண்டவாளமாக வைத்து அதன் மேல் இன்னொரு தடித்த கதீட்டர். டாட்டர் செட் என்று பின்னால் பெயர் வாங்கிய இந்த ஜோடியின் அளவு 8 ஃபிரெஞ்ச், 12 ஃபிரெஞ்ச். ஒரு ஃபிரெஞ்ச் என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒன்று, அப்படியென்றால் பெரியது 4 மி.மீ. விட்டம். அவ்வளவுதான் மொத்த சிகிச்சையும். பலூன் கிடையாது, ஸ்டென்ட் கிடையாது, மருந்து தடவியது எதுவும் கிடையாது. மெல்லிய ஆப்பு, அதன் பின்னால் கொஞ்சம் பருத்த ஆப்பு.

டாட்டரோடு இதில் இருந்தவர் மெல்வின் ஜட்கின்ஸ். கேத் லேபில் (கதீட்டர் சிகிச்சை நடக்கும் அறையில்) வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தினமும் வாயில் வரும், ஜட்கின்ஸ் லெஃப்ட் கொடு, ஜட்கின்ஸ் ரைட் கொடு என்று. அதே ஜட்கின்ஸ்தான், இதய ஆஞ்சியோ கதீட்டர்கள் அவர் பின்னால் செய்தவை.

சில நிமிடத்தில் பாதம் சூடாகிச் சிவந்துவிட்டது. ஒரு வாரத்தில் வலி போய்விட்டது, அப்புறம் புண்ணும் ஆறியது. டாட்டருக்கே நம்பிக்கை இல்லை, எந்த நேரமும் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து மறுபடி மூடிவிடும் என்று எதிர்பார்த்துப் பாட்டியைப் பல வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார். மூடவில்லை. மூன்று வாரத்திலும் ஆறு மாதத்திலும் எடுத்த ஆஞ்சியோகிராம்களில் வழி திறந்தே இருந்தது. பாட்டி இரண்டு கால்களோடும் நடந்து, சுமார் இரண்டரை மூன்று வருடம் கழித்து இதயச் செயலிழப்பில் இறந்தார்.

உள்ளே உண்மையில் என்ன நடந்தது

இந்தக் கேஸில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் சிகிச்சை சரி, விளக்கம் தப்பு. கதீட்டர் போகும்போது கொழுப்புப் படிவம் நசுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, ஈரக் களிமண்ணில் விரலை விட்டு எடுத்தால் குழி நிற்பது மாதிரி வழி நின்றுவிடுகிறது என்பதுதான் டாட்டர் கொடுத்த விளக்கம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் முற்றிய படிவம் களிமண் இல்லை. நாரும் சுண்ணாம்பும் ஏறிக் காய்ந்த சுண்ணாம்புப் பூச்சு மாதிரி ஆகிவிட்ட ஒன்று, நசுங்க அதில் ஈரமே கிடையாது. பின்னால் வந்தவர்கள் திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது, படிவம் விரிசல் விடுகிறது, சுவரிலிருந்து ஓரளவு பிய்கிறது, அதன் வெளியே இருக்கும் தசைப் படலம் இழுபட்டு நீள்கிறது. குழாய் மொத்தமாகப் பெரிதாவதால்தான் வழி கிடைக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் கட்டுப்பாடான ஒரு காயம்.

இது வெறும் ஏட்டு விவாதம் இல்லை. காயம் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கேள்விகள் எல்லாம் வந்தன. காயம் என்றால் தழும்பு வரும், தழும்பு உள்வழியை மறுபடி சுருக்கும், சரி அந்தத் தழும்பை மருந்து கொடுத்து அடக்கலாமா? விரிசல் விட்ட துண்டு வழிக்குள் தொங்கினால் அதை எதைக் கொண்டு அணைத்துப் பிடிப்பது? மருந்து பூசிய பலூனும் ஸ்டென்டும் இந்தக் கேள்விகளுக்கு வந்த பதில்கள். ஸ்டென்ட் யோசனை டாட்டருக்கே சீக்கிரம் வந்துவிட்டது, 1969-லேயே நாய்களின் கால் தமனியில் சுருள்கம்பிக் குழாய் வைத்து எழுதிவிட்டார். மனித இதயத் தமனியில் அது போக 1986 ஆனது.

அந்த 4 மி.மீ. சங்கடம்

டாட்டர் முறையில் ஒரு பெரிய குறை இருந்தது, அதைச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. அடைப்பை 4 மி.மீ. திறக்க வேண்டுமானால் தொடை இடுக்கிலும் 4 மி.மீ. ஓட்டை போட வேண்டும். 8 மி.மீ. இருக்கும் இலியாக் தமனிக்கு என்ன செய்வது? அங்கே அதே அளவு ஓட்டை போட்டால் ரத்தத்தை யார் நிறுத்துவது? அதோடு, மழுங்கிய குழாயை முன்னால் தள்ளிக்கொண்டே போவதால் படிவம் உதிர்ந்து பாதத்துக்குப் போய் அடைத்துக்கொள்ளும் என்று அறுவைச் சிகிச்சைக்காரர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் முழுக்க வீம்பு என்று சொல்ல மாட்டேன்.

நுழையும்போது ஒல்லி, உள்ளே போய்ப் பருமன். இதற்கு விடை கண்டுபிடித்தவர் ஆந்திரியாஸ் குருன்ட்சிக், சூரிச்சில், வீட்டுச் சமையலறை மேஜையில் பிளாஸ்டிக் குழாயையும் பசையையும் வைத்துக்கொண்டு. பலூன்தான் விடை என்பது பார்த்ததும் தோன்றுகிற விஷயம், ஆனால் சாதாரண ரப்பர் பலூன் ஊதினால் எளிதான பக்கம் புடைத்துக்கொள்ளும், கடினமான அடைப்பு அப்படியே இருக்கும். ஒரு அளவுக்கு மேல் விரியாத, அந்த அளவுக்குள் விறைத்து நிற்கிற பலூன் வேண்டும். பி.வி.சி.யில் அதைச் செய்து 1974-ல் கால் தமனியில் வைத்தார், 1977 செப்டம்பர் 16 அன்று இதயத் தமனியில் வைத்தார். இன்று ஆஞ்சியோபிளாஸ்டி என்றாலே எல்லோரும் நினைப்பது இந்த இரண்டாவது தேதியைத்தான், கால்தான் முதலில் வந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

15 வருடம் ஏன் தூங்கியது

டாட்டரும் ஜட்கின்ஸும் 1964 நவம்பரில் சர்க்குலேஷன் இதழில் எழுதினார்கள், 9 நோயாளிகள், 11 கால்கள். அமெரிக்காவில் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐரோப்பாவில்தான், முக்கியமாக ஜெர்மனியில் எபர்ஹார்ட் சைட்லர் இதை எடுத்துக்கொண்டு வரிசையாகச் செய்தார், 'டாட்டரிங்' என்று வினைச்சொல்லே வந்துவிட்டது. அமெரிக்காவுக்கு இது எழுபதுகளின் கடைசியில் பலூனோடு ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்தது.

காரணம் கேட்டால் அறுவைச் சிகிச்சைக்காரர்களின் பொறாமை என்று ரேடியாலஜிக்காரர்கள் சொல்வார்கள். ஒரு சர்ஜன் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பும் சீட்டில் 'படம் மட்டும் எடு, சரிசெய்ய முயலாதே' என்று எழுதி அனுப்பியது இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். பிளம்பர் குழாயில் செய்வதை நாம் ரத்தக்குழாயில் செய்யலாம் என்று டாட்டர் குழாயும் ஸ்பேனரும் குறுக்காகப் போட்ட படத்தைத் தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டார். எதிராளியை மேலும் எரிச்சலாக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? 'கிறுக்கு சார்லி' என்று பெயரும் வாங்கினார். ஆனால் நான் பார்க்கிற வரை, பொறாமை பாதிக் காரணம்தான். பாட்டி மாதிரி அடைப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. இந்தக் கேஸைப் படித்துவிட்டு நீளமான, முழுக்க மூடிய, சுண்ணாம்பு ஏறிய தமனியில் 12 ஃபிரெஞ்ச் குழாயைத் தள்ளிப் பார்த்த ஒருவருக்கு, போர்ட்லேண்டில் எழுதியது கட்டுக்கதை என்றுதான் பட்டிருக்கும்.

இதே பாட்டி இன்று வந்தால்

முதலில் கணுக்காலிலும் விரலிலும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், டாப்ளர் (ஒலி அலையால் ரத்த ஓட்டம் பார்க்கிற சோதனை) செய்வார்கள், புண் எவ்வளவு, ரத்தக் குறைவு எவ்வளவு, கிருமித் தொற்று எவ்வளவு என்று மூன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். அப்புறம் பழைய கேள்வி: பைபாஸா, பலூனா?

இதற்கு ஓரளவு பதில் இருக்கிறது. பிரிட்டனில் 452 நோயாளிகளை வைத்து நடந்த பேசில் ஆய்வு 2005-ல் வந்தது, முதல் இரண்டு வருடம் இரண்டும் ஏறக்குறைய சமம், அதற்கு மேல் உயிரோடு இருக்கப்போகிறவருக்கு, நல்ல சிரை இருந்தால், பைபாஸ் பக்கம் தராசு சாய்கிறது. 2022-ல் 1,830 பேரை வைத்து வந்த பெஸ்ட்-சிஎல்ஐ, நல்ல சிரை இருப்பவர்களுக்குப் பைபாஸ்தான் மேல் என்றது. அடுத்த வருடமே 345 பேரை வைத்து வந்த பேசில்-2, முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்குக் கதீட்டர் வழியை முதலில் பார்ப்பது மேல் என்று தலைகீழாகச் சொன்னது. எல்லோருக்கும் பலூன் என்று விற்பவரையும், எல்லோருக்கும் பைபாஸ் என்று அடம்பிடிப்பவரையும் ஒரே மாதிரி சந்தேகப்பட இந்த மூன்று ஆய்வுகள் போதும்.

பாட்டிக்கு 82 வயது, குட்டைச் சுருக்கம், வாழ்ந்தது அதற்குப் பிறகு சுமார் இரண்டரை மூன்று வருடம். பேசில் போட்ட இரண்டு வருடக் கோட்டுக்குக் கிட்டத்தட்ட பக்கத்திலேயே அவர் ஆயுள் முடிந்திருக்கிறது. அதாவது இந்த வயதில், இந்த அடைப்பில், டாட்டர் ஆய்வுகள் எதுவும் இல்லாத காலத்தில் தேர்ந்தெடுத்த வழியும் இன்றைய ஆய்வுகள் காட்டுகிற வழியும் ஒன்றுதான். கணித்துச் செய்தாரா என்றால், இல்லை, பாட்டி மற்ற கதவுகளை எல்லாம் சாத்திவிட்டார்.

ஸ்டென்ட் வைப்பார்களா? முழங்காலை ஒட்டிய அந்த இடம் மடங்கும், முறுக்கும், அங்கே வைத்த ஸ்டென்ட் ஒடிந்த கேஸ்கள் நிறைய. அதனால் பலூன் மட்டும், ஒருவேளை தழும்பை அடக்கும் பாக்லிடாக்சல் மருந்து பூசிய பலூன். அந்த மருந்தால் இறப்பு கூடுகிறது என்று 2018-ல் ஒரு தொகுப்பாய்வு கிளப்பிய பீதியை, அமெரிக்க மருந்து நிர்வாகம் தரவுகள் அப்படிச் சொல்லவில்லை என்று 2023-ல் இறக்கி வைத்தது.

மற்றபடி பாட்டி படுக்கும் விதம் மாறியிருக்காது. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி, கீழ்நோக்கித் துளை, முதலில் கம்பி. கம்பி அடைப்பைத் தாண்டும் வரை அறையில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். பல வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்க மாட்டார்கள், ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் கொடுத்து, டாப்ளருக்கு வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி, புண்ணுக்குக் கட்டு மாற்ற யார் வருவார்கள் என்று வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அனுப்பிவிடுவார்கள்.